துவக்குக் குழலும் குறியும்

காட்டோரத்தில் கமம் செய்தவர்களுக்குப் பன்றியின் தொல்லையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மரவள்ளியோ நிலக்கடலையோ, ஓர் இரவில் கிளறி முடித்துவிடும். இதனாலேயே வன்னிக் கமக்காரர் சிலரிடம் இடியன் துவக்கு இருந்தது. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் வீடுகளோடு கருவிகளும் கைவிடப்பட்டன. 2009 இற்குப் பின்னர் காணிக்குத் திரும்பியவர்களும், இனித் திரும்பவிருப்பவர்களும், துருவேறிய பழைய குழல் ஒன்றை மண்ணிலோ கிணற்றிலோ காணக்கூடும். "கொஞ்சம் வளைந்திருக்கிறது, நிமிர்த்தினால் பாவிக்கலாம்" என்று யாராவது சொல்லவும் கூடும். அது சரியா? இப்பாடத்தில் ஆராய்வோம்.

வளைவு குறியை எப்படி மாற்றுகிறது?

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்த பின்னர் எமது தீவின் கொல்லர்களும் துவக்குச் செய்வதில் தேர்ச்சி பெற்றனர். அக்காலத்துக் குழல் இன்றைய உருக்குக் குழல் போன்றதன்று. இரும்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி அடித்துப் பொருத்திச் செய்தனர். இப்படிச் செய்த குழல் முற்றிலும் நேராக அமைவது அரிது. ஆகவே நிமிர்த்துவது கொல்லரின் தொழிலில் ஒரு பகுதியாகவே இருந்தது.

குண்டு, குழலின் வாய் எத்திசையை நோக்குகிறதோ அத்திசையிலேயே போகும். வாய்ப்பக்கம் இடப்புறம் சாய்ந்திருந்தால் குண்டும் இடப்புறம் போகும். அதை வலப்புறம் சிறிது வளைத்தால் குறி நேராகும். நகர்த்தக்கூடிய குறிக்காட்டி இல்லாத பழைய துவக்குகளை இப்படியே திருத்தினர்.

கொல்லர் எப்படிப் பார்த்தனர்?

முதலில் குழலின் அடைத்த பின்பக்கத்தைக் கழற்றுவர். உள்ளே மெல்லிய நூலொன்றை இழுத்துக் கட்டி, இரு முனைகளிலும் சுவரைத் தொடச் செய்வர். நடுவில் நூலுக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அவ்விடத்தில் வளைவு உண்டு. தேர்ந்த கண்ணுக்கு நூலும் தேவையில்லை. யன்னற் சட்டத்தை நோக்கிக் குழலைப் பிடித்தால் உட்சுவரில் ஒரு நிழற்கோடு விழும். அக்கோடு முறிந்து தெரியும் இடமே கோணல். பின்னர் பட்டடையில் வைத்து மெதுவாகத் தட்டுவர். இரும்பு சற்று மீளும் தன்மையுடையதால், தட்டுவதும் பார்ப்பதுமாகப் பலமுறை செய்ய வேண்டியிருந்தது.

எல்லாத் தவறும் குழலின் தவறா?

அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர் குறி தவறினால் உடனே குழலைக் குறை சொல்லக்கூடாது. பின்வருவனவற்றை முதலில் பார்க்க வேண்டும்:

1. மரப்பிடியில் குழல் ஆடுகிறதா?
2. வெடிமருந்து ஈரப்பட்டிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இடப்படுகிறதா?
3. முனையிலுள்ள குறிக்குமிழ் சாய்ந்திருக்கிறதா?

மூன்றாவது காரணம் சிறிதாகத் தோன்றும். ஆனால் 75 சென்ரிமீற்றர் நீளமான குழலில் குமிழ் 1 மில்லிமீற்றர் விலகினால், 30 மீற்றர் தூரத்தில் குறி 4 சென்ரிமீற்றர் விலகும். குமிழைச் சரிசெய்வது, குழலை வளைப்பதிலும் எளிது, ஆபத்தும் குறைவு.

நிமிர்த்த முடியாதது எது?

இங்கேதான் பாடத்தின் முக்கியமான பகுதி இருக்கிறது. குறி சரியாவது வேறு. குழல் வெடியைத் தாங்குவது வேறு. முன்னதைத் திருத்தலாம். இழந்த பலத்தை எந்தத் தட்டலும் திரும்பத் தராது.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1813 இல் ஏற்படுத்தப்பட்ட பரிசோதனை நிலையம், வழமையிலும் கூடிய மருந்திட்டு வெடிக்கவைத்து, தாங்கிய குழல்களுக்கு மட்டும் முத்திரை குத்தியது. பழைய குழலில் அப்படியான முத்திரை இருந்தாலும் அது குத்திய நாளின் பலத்துக்கே சாட்சி. பின்னர் துரு உள்ளே குழி குழியாகத் தின்றிருக்கலாம். வீட்டோடு தீயில் எரிந்திருந்தால் பற்றுவைத்த இடங்கள் இளகியிருக்கலாம். மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். இத்தகைய குழல் நேராகத் தோன்றினாலும் வெடிக்கும்போது பிளந்துவிடக்கூடும். சுடுபவரின் இடக்கையும் முகமும் அதற்கு மிக அருகில் இருக்கின்றன. ஒரு பன்றிக்காகக் கமக்காரன் தன் கண்ணைக் கொடுப்பதா?

தண்ணீர்க் குழாயில் செய்யும் கட்டுத்துவக்கின் ஆபத்து இன்னும் பெரிது. அது பன்றியையும் விறகுக்குப் போகும் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது.

காணியில் குழலைக் கண்டால்

தொடவேண்டாம், இழுக்கவேண்டாம், நெருப்பில் இடவேண்டாம். கைவிடப்பட்ட இடியனில் பழைய மருந்து இன்னும் இருக்கலாம். உலர்ந்த கரிமருந்து பல வருடங்களின் பின்னரும் தீப்பற்றும். அருகில் மிதிவெடியோ வேறு வெடிபொருளோ இருக்கவும் கூடும். வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். "என் காணியில் கிடந்தது" என்பது அனுமதியாகாது. பயிரைக் காக்கத் துவக்கு வேண்டுமானால் முறைப்படி விண்ணப்பிப்பதே வழி. அதுவரை உறுதியான வேலியும், அயலவர் முறைவைத்துக் காக்கும் காவற்கொட்டிலும் எமது கையில் உள்ளன.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் காட்டு விலங்குகள் எந்த மாதங்களில், எந்தப் பக்கத்தால் வருகின்றன?
2. கூட்டுக் காவலுக்கு எத்தனை குடும்பங்கள் சேரலாம்? பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் முறையை யார் பொறுப்பேற்பது?
3. காணியில் வெடிபொருள் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்று எமது பிள்ளைகளுக்குத் தெரியுமா?