பங்சார் தந்த பாடம்

அயல்நாட்டு விவகாரம் வாக்குப் பெட்டிக்குள் எவ்வாறு புகுகிறது என்பதை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. அண்மையிலுள்ள பங்சார் தொகுதியின் பழைய வரலாறே போதும்.

1959-ல் அங்கு வென்றவர் சோஷலிஸ்ட் முன்னணியைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி வி. டேவிட். 1963-ல் மலேசியா அமைவதை அம்முன்னணி எதிர்த்தது. அதே ஆண்டில் இந்தோனேஷியாவும் மலேசியாவை எதிர்த்து மோதலில் இறங்கவே, 'இவர்கள் சுகர்ணோவின் பக்கம்' என்ற பழி முன்னணியின் மீது விழுந்தது.

1964 ஏப்ரல் தேர்தலில் துங்குவின் கூட்டணி 104 இடங்களில் 89-ஐப் பெற்றது. முன்னணியின் 8 இடங்கள் 2 ஆகக் குறைந்தன. டேவிட்டும் தோற்றார். ஆனால் பங்சாரில் வென்றது கூட்டணியன்று. மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயர்! தீபகற்பத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. சீனரும் இந்தியரும் நிறைந்த அந்நகர்த் தொகுதியில், மலேசியாவை ஆதரித்துக்கொண்டே கூட்டணிக்கு எதிராக வாக்களிக்க ஒரு வழி திறந்திருந்தது.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? அயல்நாட்டோடு பகை மூளும் காலத்தில் கூலியும் வீடும் பின்னுக்குப் போகும். சிறுபான்மையோரின் நியாயமான மறுப்பும் தேசத் துரோகமாகச் சித்திரிக்கப்படும். ஆதலால் வேட்பாளரிடம் இரண்டையும் கேட்போம்: நாட்டின் பாதுகாப்புக்கு என் செய்வீர்? எங்கள் அன்றாட வாழ்வுக்கு என் செய்வீர்? ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவருக்கு நம் வாக்கு எளிதில் கிடைத்தலாகாது.