விரிசலின் வேகம்: எந்தக் கணிப்பை எங்கே நம்புவது?

அணு உலைக்குள் நியூட்ரான் பட்டுக்கொண்டே இருக்கும் துருவேறா எஃகு இறுகிப்போகிறது. படிக எல்லைகளில் குரோமியம் குறைகிறது, நிக்கலும் சிலிக்கனும் கூடுகின்றன. சுடுநீரும் இழுவிசையும் சேர்ந்தால் அந்த எல்லைகள் வழியே விரிசல் நீள்கிறது. விநாடிக்கு 0.1 நானோமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் ஓராண்டில் அது சுமார் 3 மில்லிமீட்டர். கணிப்பு பத்து மடங்கு பிசகினால் அடுத்த ஆய்வு நாளே தவறிப்போகும். ஆகவே சூத்திரத்தின் நேர்த்தியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நமக்கு வேண்டிய விடை, கையிலுள்ள அளவீடுகளின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

எல்லைக்குள் இருந்தால் அனுபவ வளைகோடே போதும். ஆய்வகத்தில் அளந்த வேகங்களைத் தகைவுச் செறிவுக் காரணியோடு (விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு) பொருத்தி, புள்ளிகளின் மேல்விளிம்பை ஒட்டி வரையும் கோடு அது. வேகம் அந்தக் காரணியின் ஏறத்தாழ 2 முதல் 2.5 வரையிலான அடுக்குக்கு ஏற்பக் கூடும். மேல்விளிம்பைப் பிடித்தால் தேவையற்ற ஆய்வுகள் பெருகுமே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரே நிலையில் அளந்த வேகங்களே பெரிதும் சிதறிக் கிடக்கும்போது, சராசரியை நம்பினால் பாதி விரிசல்களைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்.

நீரின் வேதியியலை மாற்றும்போது பழைய வளைகோடு பதில் சொல்லாது. அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டும் ஆண்ட்ரேசனும் வளர்த்த மாதிரி உதவும். விரிசல் நுனியில் ஆக்சைடு படலம் உடைகிறது, வெறும் உலோகம் கரைகிறது, படலம் மீண்டும் மூடுகிறது என்ற சுழற்சியை அது கணக்கிடுகிறது. கொதிநீர் உலையில் ஹைட்ரஜன் செலுத்தி மின்வேதி மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் ஏன் தணிகிறது என்பதையும் விளக்குகிறது. ஆனால் நியூட்ரான் மிக அதிகம் பட்ட சில எஃகுச் சோதனைத் துண்டுகளில் அந்தத் தணிவு கிடைக்கவில்லை. இந்தக் கணிப்பு மாதிரியிலும் பொருத்திப் பெற்ற மாறிலிகள் உண்டு. எனவே எந்தத் திசையில் மாற்றம் வரும் என்பதற்கு அதைக் கேட்கலாம், எவ்வளவு என்பதைச் சோதனையால்தான் உறுதிப்படுத்த வேண்டும். பழைய அளவீடுகளிலிருந்து பழகிக் கணிக்கும் இயந்திரக் கற்றல் இன்னும் கவனம் கோருவது: அளவீடுகள் இல்லாத இடத்திலும் தயங்காமல் ஓர் எண்ணைத் தந்துவிடும்.

உலை மையத்தைச் சுற்றியுள்ள தடுப்புத்தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தனி வகை. 2016-இல் அமெரிக்காவின் இந்தியன் பாயின்ட் 2 உலையில் 832 தடுப்புத்தகடு போல்ட்டுகளில் 227 பழுதானவையாகக் கணக்கிடப்பட்டன. இங்கே ஒற்றை விரிசலின் வேகத்தைவிட, எத்தனை போல்ட்டுகள் முறியும், அவை அருகருகே முறியுமா என்பதே முக்கியம். ஆகவே முறிவுப் புள்ளியியலே ஏற்றது. தகட்டில் கண்டுபிடித்த விரிசலுக்கு மேல்விளிம்பு வளைகோடு, நீரின் வேதியியல் மாறினால் ஃபோர்டு-ஆண்ட்ரேசன் மாதிரியோடு புதிய சோதனை, போல்ட்டுக்கு எண்ணிக்கை: இப்படிப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்புக்கு உகந்தது.