கடல் கடந்தால் உறையும் ஓய்வூதியம்

ஜொகூரில் வாழும் பிரிட்டிஷ் முதியவர்களுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வருவதுண்டு. அனுப்புவது பிரிட்டன் அரசின் ஓய்வூதியத் துறை. உள்ளே இருக்கும் படிவம் சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு செய்தியைத்தான் கேட்கிறது: இந்த ஓய்வூதியரான நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா? அதற்கு உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். முதியவர் கையொப்பமிட வேண்டும். படிவத்தில் குறிப்பிட்டுள்ள தகுதி உடைய ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். 16 வாரங்களுக்குள் அது பிரிட்டனுக்குத் திரும்பிச் சேராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். வீடு மாறியதால் கடிதம் கைக்குக் கிடைக்காமல் போனாலும், அஞ்சல் தாமதமானாலும் விளைவு அதுவே.

அயல்நாட்டு வாழ்க்கை என்றதும் மாளிகை வீடும் நீச்சல் குளமும் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி இத்தகைய தாள்களால் ஆனது.

ஜொகூரின் தென்மேற்கே, சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாவது இணைப்புப் பாலத்திற்கு அருகில் இஸ்கண்டார் புத்ரி நகரம் அமைந்துள்ளது. நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கிளை, 2012-இல் திறக்கப்பட்ட மார்ல்பரோ கல்லூரி ஆகிய பிரிட்டிஷ் கல்வி நிலையங்கள் அங்கே இயங்குகின்றன. அவற்றில் கற்பிக்க வந்தவர்கள் தொழில் அனுமதியுடன் தங்கியிருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு வெயிலையும் குறைந்த செலவையும் நாடி வந்தவர்கள் வேறொரு வகையினர்.

நம் நாட்டின் அலுவல் மொழி இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறது. உயர்ந்த சம்பளத்தில் பணிபுரிய வரும் அயல்நாட்டவரை 'பெகாவாய் டாகாங்' என்கிறோம். தோட்டத்திலும் கட்டுமானத்திலும் உழைக்க வருபவரை 'பெக்கெர்ஜா ஆசிங்' என்கிறோம். இருவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியிருக்கலாம். ஆயினும் அவர்களுக்கான அனுமதி, தங்கும் காலம், குடும்பத்தை அழைத்துவரும் உரிமை ஆகிய யாவும் வேறுபடுகின்றன. ஒரு செய்தி மட்டும் இருவருக்கும் பொது. அவர்களின் அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு முதலாளி இல்லை. அவர்களுக்காகவே 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்னும் திட்டம் 2002-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, 1996 முதல், மூத்தோருக்கு மட்டுமான ஒரு திட்டம் இருந்தது. புதிய திட்டத்தின் நிபந்தனைகள் ஒரு காலத்தில் எளிமையாகவே இருந்தன. 50 வயதைக் கடந்தவர் உள்ளூர் வங்கியில் 150,000 ரிங்கிட்டை நிரந்தர வைப்புத் தொகையாகப் போட வேண்டும். மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்ட வேண்டும். பத்தாண்டு விசா கிடைத்துவிடும்.

2021-இல் நிலைமை மாறியது. வைப்புத் தொகை பத்து இலட்சம் ரிங்கிட்டாகவும், காட்ட வேண்டிய மாத வருமானம் 40,000 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டன. விசாவின் காலம் ஐந்தாண்டாகக் குறைந்தது. முன்பே வந்து குடியேறியவர்களுக்கும் இவை பொருந்தும் என முதலில் அறிவிக்கப்பட்டபோது பலர் கலங்கிப் போனார்கள். இங்கே வீடு வாங்கி, நண்பர்களைத் தேடிக்கொண்டு, எழுபது வயதில் 'இனி எங்கே போவது?' என்று கேட்கும் நிலை அது. அப்போதைய ஜொகூர் சுல்தான் இந்த நிபந்தனைகளை மறுஆய்வு செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டார். பின்னர், பழைய விசா வைத்திருப்போருக்குப் பொருளாதார நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன.

2024-இல் திட்டம் மீண்டும் மாற்றி அமைக்கப்பட்டது. வெள்ளிப் பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர், தங்கப் பிரிவுக்கு 500,000, பிளாட்டினப் பிரிவுக்குப் பத்து இலட்சம் என வைப்புத் தொகை வகுக்கப்பட்டது. ஜொகூரில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டிக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. அங்கே வீடு வாங்கிக் குடியேறும் 50 வயதுக்கு மேற்பட்டவர் 32,000 டாலர் வைத்தால் போதும். கட்டி முடித்தும் ஆளில்லாமல் இருக்கும் அடுக்குமாடிகளை நிரப்ப வேண்டும் என்ற எண்ணமும் இச்சலுகைக்குப் பின்னால் இருப்பதாகக் கருத இடமுண்டு.

விசா கிடைத்துவிட்டால் அடுத்த கவலை வங்கி. பிரிட்டனில் பழைய கணக்கை வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா? அங்கு முகவரி இல்லாதவரின் கணக்கை மூடிவிடும் வங்கிகளும் உண்டு. கணக்கு இருந்தாலும், பணம் அனுப்பும்போது வங்கி ஓர் இரகசிய எண்ணைப் பழைய பிரிட்டிஷ் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும். அந்த எண்ணைக் கைவிட்டவரால் தம் சொந்தப் பணத்தையே தொட முடியாது. எனவே, யாரோடும் பேசாத ஒரு சிம் அட்டைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டி உயிரூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நாணய மாற்று விகிதம் இன்னொரு கவலை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற வாக்கெடுப்பு 2016 ஜூன் 23-இல் பிரிட்டனில் நடந்தது. மறுநாள் அமெரிக்க டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு 31 ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. பவுண்டில் வருமானம் பெற்று ரிங்கிட்டில் அரிசியும் மீனும் வாங்கும் குடும்பங்களுக்கு அது வெறும் செய்தியாக இருக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நாளடைவில் மெல்ல மெல்லத்தான் தெரியவரும். அதை 'உறைந்த ஓய்வூதியம்' என்கிறார்கள்.

பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் உயர்த்தப்படுகிறது. விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவதே இன்றைய வழக்கம். ஆனால், மலேசியாவில் வாழ்பவருக்கு இந்த உயர்வு கிடையாது. அவர் ஓய்வூதியத்தோடு இங்கு வந்த நாளில், அல்லது இங்கிருந்தபடி அதை முதன்முதலாகப் பெற்ற நாளில், தொகை என்னவாக இருந்ததோ அதுவே இறுதிவரை தொடரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2016 ஏப்ரலில் பிரிட்டன் புதிய ஓய்வூதிய முறையைத் தொடங்கியபோது முழுத் தொகை வாரத்திற்கு 155.65 பவுண்டு. அவ்வாண்டில் ஓய்வு பெற்று ஜொகூருக்கு வந்த ஒருவர் இன்றும் அதே 155.65 பவுண்டைத்தான் பெறுவார். அவரோடு ஒரே அலுவலகத்தில் பணியாற்றி, ஒரே நாளில் ஓய்வு பெற்று, பிரிட்டனிலேயே தங்கிவிட்ட நண்பருக்கு 2025 ஏப்ரலில் 230.25 பவுண்டு கிடைத்தது. வாரத்திற்கு 74.60 பவுண்டு வேறுபாடு. ஓராண்டில் அது ஏறக்குறைய 3,880 பவுண்டாகிறது. இருவரும் பணிக்காலத்தில் கட்டிய காப்புறுதித் தொகையோ ஒரே விதிப்படி கணக்கிடப்பட்டது. இன்னும் முன்னதாக, 2000-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர்களின் அடிப்படை ஓய்வூதியம் 67.50 பவுண்டு. அதே வகை ஓய்வூதியம் 2025-இல் 176.45 பவுண்டு.

எல்லா நாடுகளிலும் இப்படியா என்றால், இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும், அமெரிக்காவிலும், நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸிலும் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு ஆண்டு உயர்வு உண்டு. பிரிட்டனோடு அந்நாடுகள் செய்துகொண்ட உடன்பாடுகளே அதற்குக் காரணம். மலேசியா, தாய்லாந்து, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் உயர்வு இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் குடியேறியவர்களுக்குக் கிடைக்காத ஒன்று, அவர்கள் ஆளாத பிலிப்பீன்ஸில் குடியேறியவர்களுக்குக் கிடைப்பது வேடிக்கையான முரண். உலகெங்கும் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேரின் ஓய்வூதியம் இவ்வாறு உறைந்து கிடக்கிறது.

இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய அன்னெட் கார்சன் என்ற பெண்மணி பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் வாதாடித் தோற்றார். பின்னர், அவரும் வேறு சிலரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2010 மார்ச்சில் அந்நீதிமன்றத்தின் பேராயம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் 11 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்களின் விலைவாசியும் பொருளாதார நிலையும் வேறுவேறு என்பதால் அவர்களைப் பிரிட்டனில் வாழ்பவர்களோடு ஒப்பிட இயலாது என்பது பெரும்பான்மையினரின் கருத்து. ஆயினும், இங்கே விலைவாசி நின்ற இடத்தில் நிற்பதில்லை என்பது ஜொகூர் பாருவின் சந்தைக்குச் சென்று வருபவர் எவருக்கும் தெரியும்.

நம் ஊழியர் சேமநிதியோடு ஒப்பிட்டால் இச்சிக்கலின் வேர் விளங்கும். 1951-இல் தோன்றிய சேமநிதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கணக்கு உண்டு. அவரும் முதலாளியும் செலுத்திய பணம் அவர் பெயரிலேயே சேர்கிறது. அறிவிக்கப்படும் இலாப ஈவு, அவர் எங்கே வாழ்ந்தாலும் அவர் கணக்கில் ஏறுகிறது. பிரிட்டனின் முறை வேறு. இன்று உழைப்பவர்கள் கட்டும் பணத்திலிருந்து இன்றைய முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. 35 ஆண்டுகள் கட்டியவருக்கு முழுத்தொகை உண்டு. ஆனால், அவர் பெயரில் எங்கும் ஒரு பணப்பை இல்லை. எவ்வளவு உயர்த்துவது, யாருக்கு உயர்த்துவது என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்கிறது.

நாள்தோறும் சிங்கப்பூருக்குச் சென்று வரும் ஜொகூர்த் தொழிலாளர்களுக்கும் இரு நாட்டு வாழ்க்கை புதிதன்று. விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடக்கும் அவர்களின் வேலை அனுமதி ஒரு நாட்டில், வீட்டுக் கடன் மறுநாட்டில். ஆயினும் சிங்கப்பூர் டாலரின் உயர்வு அவர்களுக்கு ஆதாயம். பிரிட்டிஷ் முதியவருக்கோ கையில் வருவது உறைந்த பவுண்டு.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவை அங்கே வசிப்பவர்களுக்கு உரியது. குடிபெயர்ந்தவர் தம் கடப்பிதழைக் காட்டி அதைக் கேட்க முடியாது. ஆகவே, இங்கே தனியார் மருத்துவமனையையும் காப்புறுதியையும் நம்ப வேண்டும். வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணமும் ஏறும். வருமானம் ஏறாது.

2024 ஜனவரி 16 முதல் ஒரு மாற்றம் வந்தது. பிரிட்டனை விட்டு வெளியேறி 15 ஆண்டுகள் கடந்தால் வாக்குரிமை இல்லை என்ற விதி நீக்கப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகளாக அயல்நாட்டில் வாழ்பவரும் இப்போது வாக்களிக்கலாம். ஆனால், ஒவ்வொருவரும் தாம் கடைசியாகப் பதிந்திருந்த தொகுதியிலேயே வாக்களிக்க வேண்டும். நாடெங்கும் சிதறிக் கிடக்கும் அந்த வாக்குகளால் ஒரு தொகுதியின் முடிவை மாற்றுவது கடினம்.

பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறினால் முழுத் தொகை மீண்டும் கிடைக்கும். வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களுக்கு அது எளிதான வழியன்று. பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சில வாரங்கள் சென்று வருவோருக்கும் விதியில் ஓர் இடம் உண்டு. முறையாகத் தெரிவித்தால், அங்கே தங்கியிருக்கும் நாள்களுக்கு மட்டும் உயர்த்தப்பட்ட தொகை வழங்கப்படும். அவர் ஜொகூருக்குத் திரும்பியதும் ஓய்வூதியமும் பழைய தொகைக்கே திரும்பிவிடும்.