ஏரிக்கரை முகில்கள்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், அடிரோண்டாக் மலைகளின் விளிம்பில், முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறது ஜார்ஜ் ஏரி. ஆல்பிரட் ஸ்டீகிலிட்ஸின் குடும்பத்தார் கோடை விடுமுறையைக் கழிப்பதற்கென்று அதன் கரையில் வீடு வைத்திருந்தனர். ஒளிப்படத்தை ஓவியத்திற்கு இணையான கலையாக ஏற்கச் செய்யப் பல்லாண்டு போராடியவர் ஸ்டீகிலிட்ஸ்.

1922ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்கு வயது 58. தாயார் மரணப்படுக்கையில் இருந்தார். குடும்பச் சொத்தும் கரைந்துகொண்டிருந்தது. அந்நிலையில் வால்டோ ஃபிராங்க் என்னும் எழுத்தாளரின் கருத்தொன்று அவரைத் தைத்தது. ஸ்டீகிலிட்ஸின் உருவப்படங்களுக்கு வலிமை தருவது, எதிரில் அமர்வோர்மீது அவர் செலுத்தும் வசியமே என்பது அக்கருத்து. எவராலும் வசியப்படுத்த இயலாத, எல்லார்க்கும் பொதுவான ஒன்றைப் படமெடுத்து விடைகூறத் துணிந்தார் அவர். அது முகில்.

முகிலைப் படமாக்குதல் அன்று எளிதன்று. பழைய ஒளிப்படத் தகடுகள் நீலநிற ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. மலைக்கும் ஏரிக்கும் ஏற்ற அளவில் ஒளியை விட்டால், நீலவானும் வெண்முகிலும் வேறுபாடின்றி வெளுத்துவிடும். ஆதலால் வானத்தைத் தனியே எடுத்து, நிலக்காட்சியோடு இணைத்து அச்சிட்டோரும் உண்டு. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் வந்தபின், வில்லைக்கு முன் மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினால் நீலம் கருமைகொள்ளும், முகில் துலங்கும்.

முதலாண்டுப் படங்களில் ஏரியை அடுத்த குன்றுகள் அடிப்புறத்தில் எஞ்சியிருந்தன. 1923 முதல் கையில் ஏந்தத்தக்க கிராஃப்ளெக்ஸ் கருவியை வானோக்கி உயர்த்தினார், தொடுவானமே மறைந்தது. ஏறத்தாழ நான்கங்குல அகலமும் ஐந்தங்குல நீளமும் கொண்ட அச்சிறு படங்களில் மேல் எது, கீழ் எது எனக் காண்போர் தடுமாறுவர். 1925 முதல் இவ்வரிசைக்கு ‘நிகர்கள்’ என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். தம் உள்ளத்து உணர்வுகளுக்கு நிகரான வடிவங்கள் இவை என்பது அவர் கருத்து. இதனை ஏற்காதோரும் இருக்கலாம். எனினும், காட்சி அழகாயிருந்தால் படமும் தானே அழகாய் அமையும் என்னும் விடுமுறைப் பயணியின் நம்பிக்கைக்கு இப்படங்களில் இடமில்லை. கைப்பேசியில் வானை மட்டும் படமெடுத்துப் பார்க்கும் மாணவர், எதனைச் சட்டகத்துள் நிறுத்துவது, எதனை விலக்குவது எனத் தாமே முடிவுசெய்ய நேர்வதை உடனே உணர்வார்.

பத்தாண்டுகளுக்கு மேலாக இம்முயற்சி தொடர்ந்தது. இருநூறுக்கும் மிகுதியான முகிற்படங்கள் உருவாயின. 1946இல் ஸ்டீகிலிட்ஸ் மறைந்தபோது, அவர்தம் மனைவியும் ஓவியருமான ஜார்ஜியா ஓ’கீஃப், ஏரிநீரின் ஓசை கேட்கும் ஒரு பைன் மரத்தடியில் அவரது சாம்பலைப் புதைத்தார்.