இளைப்பா? முதலில் படுக்கையைப் பாருங்கள்

தூசி என்றதும் பரணையும் அலமாரியையும் துடைக்கிறோம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வினை இருப்பது படுக்கையில்தான். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழும் தூசிப்பூச்சிகள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் எச்சம் மூச்சில் கலந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அவை சாகாது. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடுங்கள். தட்டி உதறும் வேலை இளைப்பு இல்லாதவருடையது. பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் கரடி பொம்மையும் துவைக்க வேண்டியதே!

கரப்பான்பூச்சியின் எச்சமும் உதிர்ந்த ஓடும்கூட இளைப்பைக் கிளப்பும். அதற்காக மருந்து அடித்தால் அந்த நெடியே போதும், ஆளை மூச்சுத்திணற வைக்க. இரவே எச்சில் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, மூலைகளில் ஜெல் மருந்து வைப்பது மேல்.

மழைக்காலத்தில் சுவர் ஓதமேறிப் பூஞ்சை பிடித்தால் கசிவை அடையுங்கள். அடைக்காமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. பூனையாலும் இளைப்பு வரலாம்; அதைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள்.

கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல என்றாலும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கொசுவலை கட்டுங்கள். போகியன்று விடியற்காலை ஜன்னல்களைச் சாத்தியே வையுங்கள்.

உணவு மட்டுமே இளைப்பைத் தூண்டுவது அபூர்வம். வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள். வீடு சுத்தமாகிவிட்டதென்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.