பக்கத்துக்கு உடை தரும் ஒரு வரி

உங்கள் இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, எச்சரிக்கை, முடிவு என ஒவ்வொரு சோதனையும் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். இது குறிப்பின் அமைப்பு. தலைப்பைப் பெரிதாக எழுதுவதும் சிவப்பு மையால் அடிக்கோடிடுவதும் அதன் தோற்றம். வலைப்பக்கங்களிலும் இவ்விரண்டும் உண்டு. இவற்றைத் தனித்தனியே எழுதிப் பின்னர் இணைப்பது ஏன்?

20 சோதனைகளை 20 வலைப்பக்கங்களாக ஆக்குவதாகக் கொள்வோம். தலைப்பு வரும் இடந்தோறும் 'பெரிய சிவப்பு எழுத்து' என்று மட்டும் கட்டளை எழுதுகிறோம். பிறகு நிறத்தை நீலமாக மாற்ற விரும்பினால், 20 பக்கங்களையும் வரி வரியாகத் திருத்த வேண்டும். தொல்லை இதோடு நிற்பதில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் அப்பக்கத்தைக் காதால் கேட்கிறார். சிவப்பு நிறத்தால் அவருக்கு என்ன பயன்? 'இது தலைப்பு' என்று முறையாகக் குறித்திருந்தால், அவர் தலைப்பு தலைப்பாகத் தாவி, மின்சுற்றை மூடும் முன் 'எச்சரிக்கை' பகுதியை உடனே அடைவார். இல்லையேல் முழுப் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

ஆகவே, பக்கத்தில் 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று மட்டும் குறிக்க வேண்டும். 'தலைப்புகள் நீல நிறம்' போன்ற விதிகளைத் தனிக் கோப்பில் எழுத வேண்டும். அக்கோப்பே பாணித்தாள், அதாவது ஸ்டைல்ஷீட். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய நார்வே நாட்டவர் ஹோகோன் வியூம் லீ, 1994 அக்டோபரில் சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் முறையை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது வலைத் தரமாக வெளியாயிற்று.

இரண்டையும் இணைப்பது எது? பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஒரே வரிதான்! 'நான் சுட்டுவது பாணித்தாள்', 'அதன் முகவரி இது' என்னும் இரு செய்திகள் அதில் இருக்கும். 'அச்சிடும்போது மட்டும் இதைப் பயன்படுத்து' என்றும் சேர்த்துச் சொல்லலாம். உலாவி அவ்வரியைக் கண்டதும் பாணித்தாளை வரவழைத்து, அதன் விதிகளைப் பக்கத்துக்குப் பொருத்துகிறது. 20 பக்கங்களும் ஒரே தாளைச் சுட்டினால், தாளில் செய்யும் ஒரு திருத்தம் இருபதிலும் தோன்றும்.

1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். என்னும் முறை தரமாக வெளிவந்தது. இதில் 'நோக்கம்', 'எச்சரிக்கை' எனக் குறிச்சொற்களை நாமே, தமிழிலும், அமைத்துக்கொள்ளலாம். ஆனால் 'நோக்கம்' என்பதை எப்படிக் காட்டுவது என்று உலாவிக்கு எவ்வாறு தெரியும்? இங்கே பாணித்தாள் இன்னும் இன்றியமையாதது. இதற்கான இணைப்பு வரி, ஆவணத்தின் முதல் உறுப்புக்கு முன்பே, கோணக் குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கும். அது பாடத்தின் பகுதியன்று. மென்பொருளுக்கு இடும் ஆணை. அதன் விதிகள் 1999 ஜூனில் வெளியாயின.

முகவரியில் ஓர் எழுத்து பிழையானாலும் இணைப்பு அறுந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால், விண்டோஸ் கணினியில் சரியாகத் தோன்றிய பக்கம் லினக்ஸ் கணினிக்குச் சென்றதும் உடையிழந்து நிற்கக்கூடும். ஆனால் சாதாரண வலைப்பக்கமாயின் ஒரு சொல்லும் தொலைவதில்லை; உலாவி தன் வழக்கப்படி அதை எளிமையாகக் காட்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவியைத் திறந்து ஒரு பக்கத்துக்குச் செல்லுங்கள். 'ஆல்ட்' விசையை அழுத்தி, 'வியூ' பட்டியலில் 'பேஜ் ஸ்டைல்', பிறகு 'நோ ஸ்டைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வண்ணங்கள் மறையும். எஞ்சியது தலைப்பும் பத்தியுமாக வரிசை குலையாமல் படிக்க வருகிறதா? எனில், எழுதியவர் அமைப்பைச் சரியாகக் குறித்திருக்கிறார். இல்லையெனில், அவர் தோற்றத்தை மட்டுமே நம்பியிருக்கிறார். உங்கள் பள்ளியின் வலைப்பக்கம் இச்சோதனையில் தேறுகிறதா? பார்த்துச் சொல்லுங்கள்!