சித்தப்பாவைக் கூப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சிறுவயதிலிருந்தே மரக்காணம் உப்பளத்தில்தான் வேலை. வயிற்றில் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி சில மாதங்கள்தான் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவரோ இப்போதெல்லாம் பழைய கதையையே பேசுகிறார். 2011 தானே புயலில், கரையில் குவித்திருந்த உப்பு கரைந்துபோனது. சித்தப்பா ஓலையைச் சரியாகப் போட்டு மூடவில்லை என்று அன்று வந்த சண்டையில், அண்ணன் தம்பி இருவருக்கும் இன்றுவரை பேச்சில்லை. 'அவனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்கிறார் அப்பா. மறுநாளே 'தப்பு அவன் மேலதான்' என்கிறார். பேச்சை மாற்றினால் கோபம் வருகிறது. மனம் குழம்பிவிட்டதா? சித்தப்பாவை வரவழைத்தால் அப்பா விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ?
– பெயர் வெளியிட விரும்பாத மகன், மரக்காணம்

பதில்: அநேகமாக ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார். அல்சர்காரரை வெளியே உட்காரவைத்துவிட்டு, மகனை மட்டும் எந்த டாக்டரும் உள்ளே கூப்பிடுவதில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் நடிக்கிறீர்கள். தனக்குத் தெரியும் என்பதை உங்களிடம் காட்டாமல் அவரும் நடித்துக்கொண்டிருக்கலாம். இந்த நாடகத்தில் தனியாக மாட்டிக்கொள்பவர் நோயாளிதான். எடுத்த எடுப்பில் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டாம். 'டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?' என்று கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டிக்கொடுப்பார்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனக்குழப்பம் இல்லை. வயதானவர்கள் சொன்னதையே சொல்வது புத்தி தளர்வதன் அடையாளம் என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். முடிவு தெரியும்போது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு என்று 1963-இல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சொல்வதுகூட அதில் அடக்கம். வழக்கை அவரே இரு தரப்பிலும் வாதாடிப் பார்க்கிறார். தீர்ப்புச் சொல்லும் அவசரம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் பகல் இரவு தெரியாமல் பேசினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் பாதிப்பில் உண்மையான குழப்பமும் வரும்.

எல்லோரும் பின்னோக்கித்தான் பார்ப்பார்கள் என்றில்லை. தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் மூளை அறுவை மருத்துவரான பால் கலாநிதிக்கு 2013-இல், 36 வயதில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் அறுவை அரங்குக்குத் திரும்பினார், மகள் பிறந்தாள், புத்தகம் எழுதினார். 2015-இல் இறந்தார்.

உங்கள் அப்பாவோ பின்னோக்கிப் பார்க்கிறார்; அதற்குத் துணைசெய்யும் ஒரு வழி உண்டு. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பேசவைத்துப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவர்களுக்கே வாசித்துக்காட்டி, குடும்பத்துக்கு விட்டுச்செல்ல ஒரு பிரதியாகக் கொடுக்கும் முறையை உருவாக்கினார். 2005-இல் வெளியான ஆய்வில் அப்படிப் பேசிய 100 பேரில் 91 பேர் திருப்தி என்றார்கள். உங்களுக்குச் செல்போன் போதும். அவரிடம் கேட்டுவிட்டுப் பதிவுசெய்யுங்கள். மன்னிப்பு, சண்டை என்றே போக வேண்டாம். பாத்தி மிதிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள், உப்பு வாரும் பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பார், முதல் கூலியில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் நோயாளி இல்லை, உங்களுக்கு வாத்தியார்.

சித்தப்பா விஷயத்தில் அவரையே கேட்டுவிடுங்கள்: 'கூப்பிடட்டுமா?' வேண்டாம் என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்கலாம், அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். அவருக்குத் தெரியாமல் வரவழைத்துக் கட்டிப்பிடித்து அழவைப்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி. வந்தால் இருவரையும் தனியாக விடுங்கள். புயலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனாலும், அது பேச்சுவார்த்தைதான்.

இதற்கெல்லாம் முன்னால் வலி அடங்க வேண்டும். வலியில் துடிப்பவரால் எதையும் யோசிக்க முடியாது. மார்ஃபின் மாத்திரை என்றதும் போதைப்பழக்கம் என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடும்போது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அப்பா தூக்கமில்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், எல்லாம் தன் தவறு என்றே எந்நேரமும் மருகினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த நிலையிலும் அதற்குச் சிகிச்சை உண்டு.

கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் இருக்கிறார் என்றால், இரவில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுப்பவர் அவர்தான். அல்சர் கதையை அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்களா? அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள்.